மலை மறைக்கும் என்று சொன்னேன்

அந்த வாக்கைக் கொடுத்தவள் நான்தான். "ஒங்க தோட்டத்துல நம்ம ரேடியோ எடுக்காது. நடுவுல மலை மறைச்சிரும். பயப்படாமப் பேசு" என்றேன். சொன்னபோது அதை முழுதாக நம்பினேன்.

எங்கள் சமூக வானொலி, ஹட்டனை அடுத்த சின்ன டவுன் ஒன்றில், பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். ஒன்றில் ஒலிப்பதிவு. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தோம். மற்ற அறையில் இயந்திரங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் அதே தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பிற்பகலில் மாடியேறி வருவார்.

எங்கள் அலைக்கு வலு குறைவு. ஒரு மலைத் திருப்பத்தில் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். அடுத்த திருப்பத்தில் வெறும் இரைச்சல். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இயர்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு, எந்தத் தோட்டத்தில் எடுக்கும், எதில் எடுக்காது என்பது எனக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை மூன்று மணி நிகழ்ச்சி என்னுடையது. இந்த மலைகளில் யாரெல்லாம் பாடுகிறார்களோ அவர்களைக் கூட்டிவந்து பாட வைப்பது, அவர்கள் வாழ்க்கையைப் பேச வைப்பது. தப்பு அடிப்பவர்கள் வந்தார்கள். றபான் தட்டிப் பாடும் கடைவீதிப் பெண்கள் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து சிங்களக் கவி சொல்லும் ஓர் அம்மா வந்தார். "எங்க பாட்டெல்லாம் ரேடியோவுல போடுவீங்களா?" என்று தயங்கியவர்களை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அவளைச் சந்தித்தது ஒரு மாசி மாதத்தில். றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் காமன் கூத்தைப் பதிவு செய்யப் போயிருந்தேன். மன்மதனைச் சிவன் எரித்த பிறகு, ரதி அழ வேண்டும். ரதி வேஷத்தை எங்கள் பக்கம் ஆண்கள்தான் கட்டுவார்கள். அன்று ரதி அழத் தொடங்கியதும் என் கையிலிருந்த ரெக்கோடரை மறந்துபோனேன். சுற்றியிருந்த பெண்கள் கூத்து என்பதை மறந்து மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் காலை பீலிக்கு, மலைத் தண்ணீர் கொட்டும் குழாயடிக்குப் போனபோது, அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தது அதே ரதி. இருபத்தாறு வயது. சேலையை இன்னும் மாற்றவில்லை. பாராட்டினேன். சிரித்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று மேட்டுப் பாதையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, கூத்து முடிஞ்சிச்சி, வேஷத்தக் கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குச் சேலையக் கழட்டிட்டு சட்டையப் போடுறப்பதான் வேஷம் கட்டுற மாதிரி இருக்கு."

அவள் என்று நான் எழுதுவது அந்த வார்த்தைக்குப் பிறகுதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அவள் 'அவன்'. தனக்கென்று அவள் வைத்துக்கொண்டிருந்த பெயரை அன்று எனக்கு மட்டும் சொன்னாள்.

இதை ரேடியோவில் சொல்ல முடியுமா என்று நான்தான் கேட்டேன். முதலில் மாட்டேன் என்றாள். இரண்டு வாரம் கழித்து அவளே போன் எடுத்தாள். மூன்று நிபந்தனைகள் வைத்தாள். பெயர் வரக்கூடாது. தோட்டத்தின் பெயர் வரக்கூடாது. இணையத்தில் போடக்கூடாது. மூன்றுக்கும் சரி என்றேன். மலை மறைக்கும் கதையையும் அப்போதுதான் சொன்னேன்.

தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டு, மழைக்கோட்டோடு மாடியேறி வந்தாள். முட்டை அட்டைச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவள் முழங்கால்கள் நடுங்கி மேசையில் இடித்தன. அந்தச் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. பேசப் பேச நடுக்கம் நின்றது. பள்ளிக்கூடத்தில் பட்டதைச் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் ரதிக்காகக் காப்புக் கட்டும் அந்தச் சில வாரங்கள் மட்டும்தான் தன்னை யாரும் கேலி செய்வதில்லை என்றாள். பீலியில் சொன்ன அந்த வரியையும் சொன்னாள். கடைசியில் ரதியின் ஒப்பாரியைப் பாடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒலிபரப்பானது. நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடிக்கத் தொடங்கியது. டிக்கோயாவிலிருந்து ஒருவர், ஹட்டன் டவுனிலிருந்து ஒரு டீச்சர். "அந்தப் புள்ளைக்கு என் அன்பச் சொல்லுங்க" என்றார் டீச்சர். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாலரை மணிக்கு இன்னொரு அழைப்பு. ஒரு பெண். "ராகலையில இருந்து பேசுறேன். கேட்டுட்டு அழுதுட்டேன் அக்கா" என்றாள்.

நன்றி சொல்லி வைத்த பிறகுதான் உறைத்தது. ராகலை. நுவரெலியாவுக்கும் அந்தப் பக்கம். எங்கள் அலை அதில் பாதி தூரம்கூடப் போகாது.

எழுந்து மற்ற அறைக்குப் போனேன். "நானா, இன்னைக்கு நிகழ்ச்சிய இணையத்துல போட்டீங்களா?"

"போட்டுட்டேனே தங்கச்சி. முடிஞ்ச கையோட போட்டேன். எல்லாச் சனிக்கிழமையும் போடுறதுதானே? இன்னைக்கு அள்ளிக்கிட்டுப் போகுது" என்றார் சந்தோஷமாக.

அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். அவ்வளவுதான். மூன்று நிபந்தனைகளையும் என் நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். நோட்டு என் பைக்குள் இருந்தது. அவர் காதில் ஒரு வார்த்தை போடவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. உடனே நீக்கினார். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் அதை இறக்கி, போனிலிருந்து போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதையெல்லாம் எந்தக் கையால் அள்ளுவது? அவள் நம்பரை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து மணிக்கு அழுத்தினேன். ஆறு மணிக்கு அழுத்தினேன். "யா அல்லாஹ், நான் கேட்டிருக்கணும்" என்று நானா சொல்லிக்கொண்டேயிருந்தார். கேட்க வேண்டியவர் அவர் இல்லை. சொல்ல வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு ஆண் குரல்.

"நேத்து ரேடியோவுல பேசுனது யாரு?"

"நீங்க யாருங்க பேசுறது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யாரு அது?"

"பேர் சொல்ல முடியாதுங்க. அப்பிடிச் சொல்லித்தான் பேச வச்சோம்."

"பேரு எதுக்கு? நாங்க தூக்கி வளர்த்த கொரலு. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றேன். பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிடலாம் என்று எத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோக்காரியான எனக்கு, குரல்தான் ஒருவருடைய முகம் என்பது தெரியாமல் போயிற்று.

அன்று முழுக்க அவள் போன் அணைந்தே கிடந்தது. என்னென்னவோ எண்ணம் வந்தது. அவளை அடித்திருப்பார்களோ. அறையில் பூட்டி வைத்திருப்பார்களோ. அவளே ஏதாவது செய்துகொண்டிருப்பாளோ. தேயிலைக்கு அடிக்கும் மருந்து எந்த லயத்தில்தான் இல்லை?

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏதாவது நடந்திருந்தால் அங்கேதான் கொண்டுவந்திருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளை ஒன்றைத் தேடி வந்திருக்கிறேன் என்று தாதியிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் பொறுமையாகப் பேரேட்டைத் திறந்து, நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டார்.

எந்தப் பெயரைச் சொல்வது? எனக்குத் தெரிந்தது அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். அது எந்தப் பேரேட்டிலும் இருக்காது. வீட்டில் வைத்த பெயரை நான் கேட்டதே இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா?

பிறகு வருகிறேன் என்று நகர்ந்தேன். பார்வையாளர் நேரம்வரை காத்திருந்து, இரண்டு வார்டுகளின் வாசலிலும் நின்று கட்டில் கட்டிலாகப் பார்த்தேன். ஆண்கள் வார்டில் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு மெலிந்த உருவம் படுத்திருந்தது. போர்வை விலகும்வரை அங்கேயே நின்றேன். யாரோ வயதானவர். பெண்கள் வார்டிலும் அவள் இல்லை. இல்லை என்பதில் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. இங்கே இல்லையென்றால் வேறு எங்கே?

தோட்டத்துக்கே போவதென்று முடிவு செய்தேன். பஸ் என்னை இறக்கிவிட்டபோது பகல் இரண்டு மணி இருக்கும். மிஸ்ட் இறங்கியிருந்தது. பத்தடிக்கு முன்னால் தேயிலைச் செடி தெரியவில்லை. மேலேயிருந்து கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. பாதையோரத்தில் அவர்களைக் கடந்தபோது முழுக்க நின்றுவிட்டது. கடந்த பிறகு ஒருத்தி மட்டும் சொன்னாள், "ரேடியோக்காரம்மா."

மாசி மாதத்தில் அவளோடு லயத்து வாசல்வரை போயிருந்ததால் வீடு தெரியும். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அவளுடைய அம்மா திறந்தார். கூத்தன்று எனக்குத் தேத்தண்ணி கொடுத்த அம்மா. இன்றைக்குப் பெரட்டுக்குப் போகவில்லை, வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை என்பது தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, அவ..." என்றேன்.

"இருக்கு. புள்ள உசுரோடதான் இருக்கு."

நான் மண் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நின்றபடியே, தாழ்ந்த குரலில் சொன்னார். சனிக்கிழமை சாயந்தரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் ஓடியதாம். முதல் வார்த்தையிலேயே யாரென்று தெரிந்துவிட்டதாம். பாதி கேட்பதற்குள் லயமே வாசலில் கூடிவிட்டது. ஞாயிறு விடிவதற்கு முன்னாலேயே அம்மாதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையால் இறங்கி, றொசல்லை ஸ்டேஷனில் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"போன சனிக்கிழமையே அமத்த வச்சேன். சிம்மயும் நான்தான் கழட்டிப் போடச் சொன்னேன். எவனாவது எடுத்துப் பேசி, எங்க இருக்கன்னு கேப்பான். அது வெகுளி. சொல்லிப்புடும்."

"என்ன மன்னிச்சிருங்கம்மா. ஒங்களுக்குத் தெரியாம இருந்தத..."

"தெரியாமயா?" அவர் குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "பெத்தவளுக்குத் தெரியாதா? இந்த லயத்துக்கே தெரியும். யாரும் வாயத் தொறக்கல, அவ்வளவுதான். வாயத் தொறக்காத வரைக்கும் அது இங்கயே இருந்திச்சி. மாசிக்கு மாசி ரதி கட்டிச்சி. நீங்க தொறந்து விட்டுட்டீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவை யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு போய்த் திறந்தார். வாசலில் நின்றவர் கவ்வாத்து மலையிலிருந்து நேரே வந்திருந்தார். தலையில் சாக்கு, கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. வாய் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய அதே குரல்.

"தம்பி, அந்தப் பொம்பளய விட்டுரு" என்றார் அம்மா. வந்தவர் அவளுடைய தாய்மாமா என்பது அப்போதுதான் புரிந்தது.

மாமா என்னைப் பார்த்தார். "எந்திரிங்க. போவோம்."

"எங்கங்க?"

"ரோட்டுக்கு. நீங்க இங்க இருக்கக்கூடாது."

மறுக்கத் தைரியம் இல்லை. உட்கார்ந்திருக்கவும் தைரியம் இல்லை. நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். கோயிலடியில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் எங்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். மாமா "நான் பாத்துக்குறேன்" என்றார். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார்?

கோயிலைத் தாண்டியதும் மிஸ்ட் எங்களை மூடிக்கொண்டது. முன்னால் பாதை தெரியவில்லை. பின்னால் அவருடைய செருப்புச் சத்தமும், நடக்க நடக்கக் கத்தி தேயிலைச் செடிகளில் உரசும் சத்தமும். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று மட்டும் மனதில் இருந்தது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியது தெரிந்தும் குனியவில்லை. குனிந்தால் பிடரி தெரியும். கத்தினால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் யார் வருவார்கள்? அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன பாதையும் இதுவாகத்தான் இருக்கும் என்று ஏனோ தோன்றியது. நான் அரை மணி நேரம் அனுபவித்ததை அவள் எத்தனை வருடம் அனுபவித்திருப்பாள்?

ரோட்டு வளைவு வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் யாருமில்லை. அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. கோபத்தில் சிவந்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாள் தூங்காதவர் போலிருந்தார்.

"அது எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சாலும் யாருக்கும் சொல்லாதீங்க." கத்தியை மற்றக் கைக்கு மாற்றினார். "எனக்கும் சொல்லாதீங்க. அங்க நிக்கிறாங்களே, நேத்துலருந்து வந்து வந்து கேக்குறாங்க. என் மகளுக்குக் கல்யாணம் பேசி வச்சிருக்கு. அவங்க நெருக்கிக் கேட்டா நான் சொல்லிப்புடுவேன்."

பஸ் வரும்வரை கூடவே நின்றார். நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குனிந்து கணுக்காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் நிகழ்ச்சி நடத்தவில்லை. நானா பழைய பதிவுகளைப் போட்டுச் சமாளித்தார். நான்காவது வாரம் புதிய நம்பர் ஒன்றிலிருந்து அவள் பேசினாள். கொழும்பில் ஒரு தையல் கடையில் வேலையாம். தன்னைப்போன்ற இன்னொருத்தியோடு அறை எடுத்திருக்கிறாளாம். நான் அழ ஆரம்பித்ததும் குறுக்கிட்டாள்.

"அழுவாதீங்க அக்கா. நீங்க அழுதா நான் சமாதானம் சொல்லணும். எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அது இருக்கட்டும்."

"சரி."

"இங்க சேலை கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். அதயும் சொல்லணும்ல. ஆனா பஸ்ஸுல யாராச்சும் நம்ம பக்கத்துத் தமிழ் பேசினா, எறங்கி அடுத்த பஸ்ஸுல போறேன்."

அடுத்த மாசியில் அந்தத் தோட்டத்தில் வேறொருவர் ரதி கட்டினார். நான் பதிவு செய்யப் போகவில்லை. அழைப்பும் வரவில்லை. நிகழ்ச்சியைத் திரும்பத் தொடங்கியபோது, மைக்குக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொருவரிடமும் உங்கள் குரல் எங்கெல்லாம் போகும், யாரெல்லாம் அதை அடையாளம் காண்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். நானாவும் பக்கத்தில் நின்று கேட்பார். சிலர் யோசித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். போகட்டும் என்று விடுகிறேன்.

சித்திரையில் ஒரு நாள் பிற்பகல், மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா. கையில் ஒரு பை. டவுனுக்குச் சாமான் வாங்க வந்தாராம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொழுந்து எடுத்துக் கறுத்துப்போன விரல்களால் பையின் காதைத் திருகிக்கொண்டேயிருந்தார்.

"அன்னைக்குப் பாதிதான் கேட்டேன்" என்றார். "ஒங்ககிட்ட இன்னும் இருக்கா?"

இருந்தது. அழிக்க மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. போட்டேன். சத்தத்தை மிகவும் குறைத்து வைத்தேன். கீழே பேக்கரிக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தாலும் போதும்.

முழங்கால் மேசையில் இடிக்கும் சத்தம் வந்தது. பிறகு அவள் குரல். அம்மா தலையைச் சாய்த்து, காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். ஒப்பாரி தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"கேக்கல. சத்தத்தக் கூட்டுங்க."

நான் தயங்கினேன்.

"கூட்டுங்கம்மா. எம்புள்ள பாட்டுதானே?"

எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். கொக்கியையும் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் கூட்டினேன்.